சூடம் அடித்த கை

என் நாத்தனார் உண்ணாமலை என் மேல் பழி போட்டபோது, வந்த கோபத்தில் நானேதான் கருப்பர் கோயிலுக்கு நடந்தேன். யாரும் இழுத்துப் போகவில்லை. அவள் மகள் ரம்யாவுக்குச் சின்ன வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது. அதை யாரோ மாப்பிள்ளை வீட்டில் ஓதிவிட்டார்கள், கல்யாணப் பேச்சு நின்றுபோனது. அந்த யாரோ நானில்லை. ஊர் பார்க்கச் சூடம் ஏற்றி, “நான் சொல்லிருந்தா இந்த வாயி கோணிப் போகட்டும்” என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை கொப்பளித்தது. சத்தியத்தோடு நிறுத்தியிருக்கலாம். ‘கோணட்டும்’ என்று நானே எடுத்துக் கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்!

ஒன்பதாம் நாள் காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி ஜாக்கெட்டை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் இடது பக்கம் இழுத்துக் கிடந்தது. வலது கண் மூட மறுத்தது.

ஆலங்குடியில் பஸ் ஏறி புதுக்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் பிடித்த கையை விடவில்லை. டாக்டரம்மா புருவத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

“பயப்படாதீங்க, பக்கவாதம் இல்ல. காதுக்குப் பின்னாடி வர்ற நரம்பு வீங்கிருக்கு. முகவாதம். யாருக்கு வேணும்னாலும் வரும். மாத்திரையை விடாம போட்டா பெரும்பாலும் சரியாயிரும்.”

“சத்தியம் பண்ணுனா வருமா டாக்டர்?” என்று குழறிக் கேட்டேன்.

“அப்படி வந்தா இந்த ஆஸ்பத்திரியில எடம் பத்தாதும்மா.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஊர் கேட்குமா? உண்ணாமலை வாசல்வரை வந்தாள். “கருப்பன் கண்ணத் தொறந்துட்டான்டி” என்றாள், போய்விட்டாள். ‘பொய்’ என்று கத்த நினைத்தேன். உதடு ஒட்டினால்தானே ‘ப’ வரும்? வெறும் காற்றுத்தான் வந்தது. நான் வேலைக்குப் போகிற முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருத்தியாக அங்கிட்டு நகர்ந்தார்கள். டீ குடித்தால் வழிந்தது. அவர்களுக்கு முன்னால் குடிப்பதையே விட்டேன். செத்துப் போகலாம் என்றுகூட இருந்தது.

போகாமல் இருந்தது அவரால்தான். தினமும் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். படுக்கும்போது இமையை இழுத்து பிளாஸ்திரி ஒட்டினார். “சரியாயிரும் வனிதா” என்பார். ஊரே நம்பாவிட்டால் போகிறது, இந்த ஒரு மனுஷன் நம்புகிறாரே என்று, டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி கண்ணாடி முன்னால் ஊதினேன், உதட்டைக் குவித்தேன், கன்னத்தை உப்ப வைத்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் வாய் நிறைய தண்ணீர் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். கைலியோடு எழுந்தவர் கோயில் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கருப்பா, ஏத்துக்கிட்டியே!”

“எதை?”

“ஆடியிலயே கிடா வெட்டி, ‘எம் பொண்டாட்டி தெரியாம பொய்ச் சத்தியம் பண்ணிட்டா, மன்னிச்சுரு’ன்னு விழுந்து கும்பிட்டேன். அக்காவும் கூடத்தான் நின்னுச்சு.”

வாயிலிருந்த தண்ணீரை எப்போது விழுங்கினேனோ தெரியவில்லை. கோணினபோது பொய்க்காரி. நிமிர்ந்தபோது மன்னிக்கப்பட்ட பொய்க்காரி. இனி என் முகம் நேராக இருக்கிற ஒவ்வொரு நாளும் உண்ணாமலை பேச்சுக்குச் சாட்சி.

“நான் சொல்லலைங்க.”

“சரி விடு. அதான் சரியாப் போச்சுல்ல? எங்க, சிரி பாப்போம்.”

சாமி மாடத்திலிருந்து ஒரு சூடத்தை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்து ஏற்றினேன்.

“நான் ஒரு தடவ அடிச்சேன். இப்ப நீங்க அடிங்க. ‘எம் பொண்டாட்டிய ஒரு நாளாச்சும் நம்புனேன்’னு சொல்லி அடிங்க.”

‘ப’ சுத்தமாக வந்தது. அவர் சூடத்தைப் பார்த்தார். தன் வாயை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். சூடம் எரிந்து முடியும்வரை அவர் கை கீழே வரவே இல்லை.