லூர்துராணி சொன்ன எட்டு

1

இந்தக் கதை எனக்குக் கழுத்துவலியால் கிடைத்தது. புத்தூரில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் நாள்பட்ட வலி ஆய்வு மையத்துக்குப் போயிருந்தேன். (எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடாதீர்கள். நான்தான் கட்டினேன். மையத்தை இரண்டாம் மாடியில் வைத்துவிட்டு லிஃப்ட் வைக்க மறந்துவிட்டேன்.)

வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார்கள். நான்கு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எட்டு என்றால் ஊசி போட்டுவிடுவார்கள் என்று பயந்து ஆறு என்றேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெண்மணி யோசிக்காமல் "எட்டு" என்றார். சொன்ன கையோடு, ஏதோ கல்யாண விருந்தில் ரசம் தீர்ந்துபோன கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. எட்டு உள்ளவர் இப்படியா சிரிப்பார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கதை அங்கேதான் பிறந்தது.

2

தொடக்கத்துக்கு இரண்டு முறை முயன்றேன்.

மலைக்கோட்டையின் மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, ஆராய்ச்சி உதவியாளர் ஆரிஃபா ஜன்னலருகே—

(கைவிட்டேன். அந்த ஜன்னலில் தெரிவது பக்கத்து ஸ்கேன் சென்டரின் ஜெனரேட்டர்.)

வலியியல் துறையின் விடிவெள்ளியும், மையத்தின் நிறுவன இயக்குநரும், பற்பல சர்வதேசக் கருத்தரங்குகளில் பொன்னாடை போர்த்தப்பெற்றவருமான பேராசிரியர் முனைவர் தைரியராஜ் அவர்கள்—

(விழா அழைப்பிதழிலிருந்து அப்படியே எடுத்தேன். வினைச்சொல் வரும் வழியாக இல்லை.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோர் கையிலும் வாட்ச் மாதிரி ஒரு கருவி கட்டியிருக்கிறார்கள். உடம்பு எப்போது எவ்வளவு அசைகிறது என்று அது குறித்துக்கொள்ளும். திங்கட்கிழமை ஆரிஃபா கணினியைத் திறந்தபோது, லூர்துராணியின் சனிக்கிழமைச் சாயங்காலம் திரையில் மலைத்தொடர் போல நின்றது.

லூர்துராணி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவர். பதினொரு வருஷமாக இடுப்புவலி. "எக்ஸ்ரேயில ஒண்ணுமே இல்லையே" என்று போன இடமெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். அவர் எட்டு என்றதும் புருவத்தைத் தூக்காமல் எட்டு என்றே எழுதிக்கொண்ட முதல் ஆள் ஆரிஃபாதான்.

இப்போது ஆரிஃபாவின் புருவமே கொஞ்சம் உயர்ந்தது.

3

ஆரிஃபாவை அந்தச் சந்தேகத்திலிருந்து காப்பாற்ற நான் சில விளக்கங்களை யோசித்தேன். கருவியைத் தம்பி பையன் கையில் கட்டிவிட்டார் என்று எழுதினேன். கருவியே மட்டமான சரக்கு என்று எழுதினேன். அதற்குள் ஆரிஃபா போன் போட்டுவிட்டாள்.

"லூர்துராணிம்மா, சனிக்கிழமை வாட்ச்ச கழட்டி யாருகிட்டயாவது குடுத்தீங்களா?"

"குளிக்கிறப்பகூட கழட்டக் கூடாதுன்னு நீதானே கண்ணு உத்தரவு போட்டே?"

"அப்ப சாயந்திரம் பூரா என்ன பண்ணீங்க?"

"ஆடினேன். முசிறியில என் தம்பி மக கல்யாணம். பேண்டு செட்டு வச்சிருந்தான்."

"வலி?"

"எட்டு. அதத்தான் ஞாயித்துக்கெழமையே போன்ல சொன்னேனே."

4

தைரியராஜ் திரையைப் பார்த்தார். "டேட்டா பேசுது ஆரிஃபா. எட்டு வலியில எவனும் ஆட மாட்டான். இவங்கள ஆய்விலேர்ந்து எடுத்துடுங்க."

அவர் தலைக்குப் பின்னால், "உங்கள் வலியை நாங்கள் நம்புகிறோம்" என்ற பெரிய ஃப்ளெக்ஸ்.*

எடுத்துவிட்டால் வியாழக்கிழமைதோறும் இங்கே கிடைக்கும் சிகிச்சை நின்றுவிடும். அதோடு, 'நம்பகமற்ற தகவல்' என்று லூர்துராணியின் பெயருக்கு எதிரே ஏறிவிடும். பதினொரு வருஷமாக எல்லோரும் வாயால் சொன்னதை இந்த மையம் அச்சில் சொல்லிவிடும்.

"சார், வியாழக்கிழமை வருவாங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் ஆரிஃபா.

* ஃப்ளெக்ஸைக் கதையிலிருந்து கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். இயக்குநர் சம்மதிக்கவில்லை. அவர் படமும் அதில் இருக்கிறது.

5

"அம்மா, ஆடினேன்னு சொன்னீங்களாமே. இங்க கொஞ்சம் ஆடிக் காட்ட முடியுமா? அறிவியலுக்காகத்தான்" என்று வியாழக்கிழமை வந்த லூர்துராணியிடம் கேட்டார் தைரியராஜ்.

"பாட்டு இல்லாமயா சார்? அறிவியல் வேணா அப்படி ஆடும். எனக்கு வராது."

ஆரிஃபா போனில் தேடி ஒரு பேண்டு செட்டைப் பிடித்தாள். லூர்துராணி கைப்பையை இயக்குநரின் நாற்காலியில் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். முதல் அடியில் முகம் சுருங்கியது. இரண்டாவது அடியில் வலது கை இடுப்பைப் பிடித்தது, இடது கை தலைக்கு மேலே போனது. அப்புறம் சிரிப்பு வந்தது. சுருங்கிய முகம் விரியவில்லை, சுருக்கத்தோடேயே சிரித்தது. ஆரிஃபா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை.

"இப்ப எவ்வளவு?" என்றார் தைரியராஜ்.

"எட்டு."

"ஆடறதுக்கு முன்னாடி?"

"எட்டு."

"சும்மா உக்காந்திருந்தா?"

"எட்டுதான் சார். எப்படியும் எட்டுன்னு ஆனப்புறம், சேர்ல உக்காந்துக்கிட்டு அடுத்தவ ஆடுறத எதுக்கு வேடிக்கை பாக்கணும்?"

"அப்ப ஆடினதுனால ஒரு வித்தியாசமும் இல்லையா?"

"யாரு சொன்னா? இது சந்தோஷமான எட்டு."

அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இயக்குநர் திரையில் தேடினார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அரியமங்கலத்தில் பாராட்டு விழா, கார் கீழே நிற்கிறது. "நீங்களே பாத்து முடிவு பண்ணிடுங்க ஆரிஃபா. என் பேர மட்டும் இழுக்காதீங்க." கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்து, பத்திரமாக லூர்துராணியிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

6

முடிவு ஒன்று: மையம் 'சந்தோஷமான எட்டு' என்று புதிய கட்டத்தைச் சேர்க்கிறது, உலகமே வியக்கிறது, தைரியராஜுக்கு இன்னொரு பொன்னாடை. (வேண்டாம். அடுத்த ஃப்ளெக்ஸுக்கு நானே படம் எடுத்துக் கொடுத்தது போலாகும்.)

முடிவு இரண்டு: ஆரிஃபா பெயரை நீக்குகிறாள். லூர்துராணி பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலத்தில்— (இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவரைப் பாலத்தில் வைத்து அழவிட எனக்கு மனசு வரவில்லை.)

நானும் சந்தேகப்பட்டவன். தீர்ப்பு சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

லூர்துராணி வாசலில் திரும்பினார். "அடுத்த வாரம் வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லிடு கண்ணு. ஸ்கூல்ல லீவு சொல்லணும்."

"லூர்துராணிம்மா," என்று ஆரிஃபா ஆரம்பித்துவிட்டாள், "அடுத்த வியாழக்கிழமை நீங்க—"

வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் வாசலில் நிற்கிறார்; நின்றாலும் அவருக்கு எட்டுதான்.