சாவுப்பலகையில் மாமா

கோனாரியாவின் கைப்பேசி அடித்தபோது கார் சொந்த ஊருக்கு முந்தைய கடைசி மலை வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாதான். காலை நேரத்தில் அம்மா கூப்பிடுகிற வழக்கமே கிடையாது.

"உன் மாமா போயிட்டான்டி," என்றாள் அன்னிக்கா. குரலில் அழுகை இல்லை. "எனக்குச் சொல்ல வேணாம்னு எல்லாரும் பேசி வச்சீங்களா? செவுத்தப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"எந்த மாமாம்மா?"

"எனக்கு எத்தன அண்ணன் இருக்கான்? நீ திருட்டுத்தனமா போய் அவனப் பாத்துட்டு வர்றது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் கெளம்புறேன். கறுப்பு உடுத்தியாச்சு."

பேச்சு அறுந்தது. கோனாரியா காரை ஓரங்கட்டினாள். நேற்று சாயங்காலம்தான் மாமாவோடு பேசியிருந்தாள். தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவர், "என் மூஞ்சிய மிலான்ல கூட ஒட்டப்போறியா? பாவம்டி அந்த ஊருப் பொண்ணுங்க" என்று கேலி பேசியிருந்தார். அந்தக் குரல் அதற்குள் அடங்கிவிட்டதா?

சாவைவிட அவளை அடித்துப் போட்டது இன்னொன்று. மாமா பாக்கிஸும் அம்மாவும் ஒரே ஊரில், மேலத்தெருவிலும் கீழத்தெருவிலுமாக இருந்துகொண்டு இருபது வருஷமாக முகம் பார்த்துப் பேசியதில்லை. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தகராறில் மச்சானோடு, அதாவது கோனாரியாவின் அப்பாவோடு, முறைத்துக்கொண்ட பாக்கிஸ், அந்த மச்சான் செத்தபோது இழவுக்குப் போகவில்லை. இத்தாலியின் சார்தீனியாத் தீவு மலையில் கல்யாணத்துக்குப் போகாதவனை மன்னிப்பார்கள். இழவுக்கு வராதவனை மன்னிக்க மாட்டார்கள். "இனி உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அன்னிக்கா சத்தியம் செய்தாள். அண்ணன் வாசலைத் தாண்ட வேண்டாமென்று கோவிலுக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போவாள். இரண்டு பேரில் ஒருவர் கண்ணை மூடுவதற்குள் இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் கோனாரியாவுக்கு இருந்த ஒரே ஆசை. இனி எங்கே? காருக்குள்ளேயே வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து வண்டியை எடுத்தாள்.

ஊர் முகப்பில் தபால் நிலையத்துக்கு எதிரே சாவுப்பலகை இருக்கிறது. யார் செத்தாலும் அவர்களுடைய படம், பேர், வயது போட்ட தாள் அதில் ஏறும். ஐந்து ஊருக்கு ஒரே பாதிரியார் என்று ஆன பிறகு சாவுமணி அடிக்க ஆள் கிடையாது. அதனால் பலகை சொன்னதுதான் செய்தி.

பலகையில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு. கீழே 'பாக்கிஸ் மெரேயு, 93'. அதற்கும் கீழே: 'இனி எங்கும் அவசரமில்லை. இங்கே காலம் நின்றுவிட்டது.'

கோனாரியா காரை நிறுத்தி இறங்கினாள். அது அவளுடைய சுவரொட்டி. சுற்றுலா வாரியத்தில் அவளே முன்னால் நின்று நடத்துகிற விளம்பரம்: நூறை எட்டிப் பிடிக்கிற கிழவர்களின் தீவு, வாருங்கள், நீங்களும் நிதானமாக வாழுங்கள். மாமாவின் படத்தைக் கொடுத்தது அவள். முதலில் அவரவர் ஊரில் ஒட்டுவோம், ஊர்க்காரர்கள் பெருமைப்படட்டும் என்று யோசனை சொன்னதும் அவள். மிலானிலிருந்து வந்த இயக்குநர் லான்ஃபிராங்கி, "நிறம் வேண்டாம், கறுப்பு வெள்ளையில்தான் கண்ணியம்" என்றபோது, "ரொம்ப அழகாக இருக்கிறது" என்று தலையாட்டியதும் அவளேதான். மிலான்காரனுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். இவள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே இந்தச் சாவுத்தாள்களில்தானே! கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்திருக்கிறாள்.

பஞ்சாயத்துச் சுவரொட்டி ஆள் தத்தானு பசைவாளியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தத்தானு, இத ஏன்யா இந்தப் பலகைல ஒட்டினே?"

"மூஞ்சி இருக்கு, பேரு இருக்கு, வயசு இருக்கு. வேற எந்தப் பலகைல ஒட்டச் சொல்றே? சர்க்கஸ் பலகையிலயா?" அவன் தொப்பியைக் கழற்றினான். "நல்ல மனுஷன். ஒட்டுறப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"அவர் சாகலய்யா!"

தத்தானு தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். "அப்ப எதுக்கு இதெல்லாம் போட்டீங்க?" என்றான்.

அந்த நேரம் பார்த்து லான்ஃபிராங்கி கூப்பிட்டார். "எப்படி, ஜனங்க நின்னு பாக்கறாங்களா?"

"நின்னு பாக்கறாங்க சார். சிலுவை போட்டுட்டுப் போறாங்க," என்று வைத்துவிட்டு மேலத்தெருவுக்கு ஓடினாள்.

மாமா வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அடுத்த வீட்டு பெப்பா, இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று சூப்புச் சட்டியோடு வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். உள்ளே அம்மாவின் குரல் ஓங்கியிருந்தது. ஆளில்லாத கூடத்தில், மாமாவின் வெறும் நாற்காலி முன்னால் முழங்காலிட்டு, எண்பத்து நாலு வயது அன்னிக்கா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"ஆத்துல வெள்ளம் வந்தப்போ
தோள்ல என்னத் தூக்கினியே
ராசா என் அண்ணா!
எம்புருஷன் போனப்போ
எட்டிப் பாக்க வரலியே
ராசா என் அண்ணா!
வராட்டிப் போகட்டும்
வஞ்சம் எனக்கு வேணாம்
மன்னிச்சேன், போய் வாய்யா
ராசா என் அண்ணா!"

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் அழுதார்கள். இருபது வருஷமாகக் கோனாரியா கெஞ்சியும் வராத வார்த்தை இது. "அம்மா" என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். கொல்லைக் கதவில், கையில் மண்ணொட்டிய கீரைக்கட்டோடு மாமா நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக நின்றாரோ! கோனாரியாவைப் பார்த்து, பேசாதே என்று தலையசைத்தார். அவளும் பேசவில்லை. இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று அம்மா பாடட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். அது பாவமோ என்னவோ, அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்து அவரைப் பார்த்தது பெப்பா. சூப்புச் சட்டி கையிலிருந்து நழுவி உடைந்தது. அந்தச் சத்தத்தில் அன்னிக்கா திரும்பினாள்.

அன்னிக்கா அண்ணனை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். தாங்கப் போன மகளின் கையைத் தள்ளிவிட்டாள்.

"நீ சாகலியா," என்றாள்.

"இன்னும் இல்ல அன்னிக்கா." பாக்கிஸ் கீரையை மேசையில் வைத்தார். "உக்காரும்மா. காப்பி போடுறேன்."

"அந்தத் தாளு?"

"நான்தாம்மா," என்றாள் கோனாரியா. "எங்க வாரியம் போட்டது. ஊர்சுத்த வர்றவங்களுக்காக. சாவுத்தாள் இல்லம்மா அது, விளம்பரம்."

"விளம்பரம்." அன்னிக்கா அந்த வார்த்தையைக் கசந்த மாத்திரைபோல் வாயில் வைத்திருந்தாள். "ஊர்சுத்த வர்றவனுக்காக என் அண்ணன செவுத்துல ஏத்தியிருக்கே. நான் ஊரைக் கூட்டி ஒப்பாரி வச்சிருக்கேன்."

"அன்னிக்கா, நீ சொன்னதெல்லாம் கேட்டேன்," என்றார் பாக்கிஸ். "அன்னிக்கு நான் வந்திருக்கணும். தப்புதான்."

"செத்தவனுக்காகத்தான் இந்தப் படி ஏறினேன்." குரல் உயரவில்லை. "மன்னிச்சதும் அவனத்தான். உன்ன இல்ல."

கறுப்புத் துணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோனாரியா பின்னால் ஓடி, "அம்மா, அம்மா" என்றாள். அன்னிக்கா திரும்பவே இல்லை. கீழத்தெருவுக்குக் குறுக்குச் சந்து இருக்க, இருபது வருஷப் பழக்கத்தில் சுற்றுவழியிலேயே போனாள்.

கோனாரியா உள்ளே வந்தபோது மாமா குனிந்து சட்டித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வாரியம், வேலை எல்லாவற்றின்மேலும் வெறுப்பாக வந்தது.

"இப்பவே போய் அதக் கிழிச்சுப் போட்டுட்டு வரேன் மாமா."

"வேணாம்," என்றார் பாக்கிஸ், நிமிராமல். "கிழிக்காதே. எங்க ரெண்டு பேர்ல அவ மன்னிச்சது பலகைல இருக்கற அவன் ஒருத்தனத்தான். அவனாவது இருக்கட்டும்."