நாற்பத்தாறாம் பத்தி

பட்ஜெட்டை அச்சுக்கு எடுத்துவிட்டால் அரசு அச்சகத்தின் கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயேதான். நிதியமைச்சர் சபையில் எழுந்து உரையை வாசித்து முடிக்கிறவரை, பன்னிரண்டு நாளானாலும் சரி, அங்கேயே சாப்பாடு, அங்கேயே குளியல், அங்கேயே தூக்கம். செல்போனை வாசலிலேயே உறையில் போட்டுப் பெயரெழுதி வாங்கிக்கொள்வார்கள். ஏதோ அணுகுண்டு செய்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஊருக்கு ரோடு, எதற்கு வரி, அவ்வளவுதான் ரகசியம். அது முன்கூட்டியே கசிந்தால் நிலம் வாங்குகிறவன் வாங்கிப் போட்டுவிடுவான், சரக்கைப் பதுக்குகிறவன் பதுக்கிவிடுவான்.

அந்த உரையின் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பிழை திருத்துகிறவருக்குக் கமா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒரே ஒரு கமாவுக்காக நிதித்துறைச் செயலாளரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தவர் என்பதால் அச்சகம் இந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. இருபத்தேழு வருஷ சர்வீஸ். சும்மா சொல்லக்கூடாது, அவர் கண்ணிலிருந்து ஒரு பிழை தப்பியதாக யாரும் சொல்ல முடியாது.

குறை என்றால் அவருக்கு ஒன்றே ஒன்று. பெண்டாட்டி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தாள். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அச்சகமோ இந்தக் கரையில். நடுவே கடல் மாதிரி ஆறு. பாலம் கிடையாது, படகுதான். மழை பிடித்துக்கொண்டால் மூன்று மாதம் படகும் கிடையாது. சுற்றிக்கொண்டு போனால் ஒன்பது மணி நேரம். இப்படிச் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற குடித்தனம் பதினோரு வருஷமாக நடந்தது. டீ போடும்போது பழக்கத்தில் இரண்டு டம்ளரை எடுத்து வைப்பார். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பார். ஐம்பது வயசுக்கு மேலே இப்படியா பெண்டாட்டியை நினைத்து ஏங்குவார்கள் என்று கேட்டால், ஆமாம், ஏங்கினார். அதில் அவருக்கு வெட்கமே இல்லை.

பூட்டிய ஐந்தாம் நாள் உரையின் இரண்டாவது புரூஃப் வந்தது. நாற்பத்தாறாம் பத்தியில் கமாவின் பேனா நின்றுவிட்டது. இரு கரை மக்களின் நெடுநாள் ஏக்கத்தைத் தீர்க்க ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்படும், பதினெட்டே மாதத்தில் பணி முடியும் என்று போட்டிருந்தது. அரசாங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் 'கோரிக்கை' என்ற சொல்தான். 'ஏக்கம்' என்று அது எழுதி இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. மூன்று முறை படித்தார். பிழை ஒன்றும் இல்லை. பாலம் வந்தால் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அவள் காலை டியூட்டிக்குப் போய்விட்டு அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே 'அப்பாடா' என்பாள். அந்த 'அப்பாடா'வைக் கேட்கத்தான் மனிதர் பதினோரு வருஷமாகத் தவித்தார்.

மறுநாள் அவர் போன் முறை வந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு போன், ஆளுக்கு மூன்று நிமிஷம். பக்கத்திலேயே இன்னொரு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு காவல் அதிகாரி உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரைக் காது என்பார்கள். உரையைப் பற்றி அரை வார்த்தை வந்தாலும் லைனைத் துண்டித்துவிடுவார், வேலையும் போகும்.

"சாப்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஆச்சு. நீ?"

"ஏங்க, ரெண்டு காகிதம் வந்திருக்கு. ஒண்ணு உங்க கரை ஆஸ்பத்திரிக்கு மாறுதல், சாதா நர்ஸாவே. இன்னொண்ணு இங்கயே தலைமை நர்ஸ். ஆனா அஞ்சு வருஷம் அசைய மாட்டேன்னு எழுதிக் கொடுக்கணுமாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஏதாவது ஒண்ணுல கையெழுத்துப் போடணும்."

கமா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க? எனக்கும் தனியா உக்காந்து சாப்ட்டு சாப்ட்டு சோறே இறங்க மாட்டேங்குது."

வேறொரு நாளாக இருந்தால் அவர் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் தலைமை நர்ஸ் பதவி அவளுக்கு என்னவென்று அவருக்குத் தெரியும். ஊசி போடக்கூடத் தடுமாறுகிறவர்களெல்லாம் தலைமை நாற்காலியில் உட்கார, அவர்கள் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்தவள் அவள். இப்போது போய் அதை எதற்கு விடவேண்டும்? பாலம்தான் வரப்போகிறதே. பதவியும் கிடைக்கும், வீட்டுக்கும் வருவாள்.

"தலைமை நர்ஸுக்கே போடு," என்றார்.

"என்னது? நீங்கதான் பேசுறீங்களா?"

"நான்தான்."

"அஞ்சு வருஷம்ங்க! விளையாடறீங்களா?"

காதின் விரல் லைனைத் துண்டிக்கிற பொத்தான் பக்கம் நகர்ந்தது.

"கண்ணை மூடிக்கிட்டுப் போடும்மா. நான் சொல்றேன்ல."

அந்தப் பக்கம் அவள் மெல்லச் சிரித்தாள். புருஷன் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாதவளா? "சரிங்க, போட்டுடறேன்," என்றாள். காது தன் நோட்டில் 'குடும்ப விஷயம்' என்று எழுதிக்கொண்டார்.

செயலாளர் கையெழுத்து விழாத புரூஃபை நம்பாதே என்று அச்சகம் முழுக்க வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தவர் கமாதான். அவருக்கே அன்றைக்கு அது மறந்துபோயிற்று. எட்டாம் நாள் கடைசிப் புரூஃப் வந்தது. நாற்பத்தாறாம் பத்தியின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், 'தொழிற்பூங்காவுக்கு முன்னுரிமை. பாலம் நீக்கம்' என்று எழுதிச் செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கமா ஃபோர்மேனிடம் ஓடினார். "இது தப்புங்க. கை தவறி அடிச்சிருப்பாங்க. ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"கை தவறினா ஓரத்துல இவ்வளவு எழுதுவாங்களா? ஏன்யா, நமக்கு எழுத்துதானே, விஷயம் நமக்கெதுக்கு?" என்றார் ஃபோர்மேன். கமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றும் கேட்டார்.

அன்றைய போனில் அவரால் கேட்க முடிந்தது ஒன்றுதான். "கையெழுத்துப் போட்டுட்டியா?"

"அன்னிக்கே போட்டாச்சு. வார்டுல எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன். உங்க பங்கை ஒரு டப்பால எடுத்து வெச்சிருக்கேன்," என்றாள். குரலில் அப்படியொரு சந்தோஷம். மிச்சமிருந்த இரண்டு நிமிஷத்தையும் கமா "ம்" கொட்டியே தீர்த்தார். திரும்பி வந்து புது நாற்பத்தாறாம் பத்தியைப் படித்தார். தொழிற்பூங்காவில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டார். பாழாய்ப்போன கை, நடுங்காமல் போட்டது.

பன்னிரண்டாம் நாள் உரையைச் சாப்பாட்டு அறை ரேடியோவில் கேட்டார்கள். நாற்பத்தைந்து முடிந்தது. தொழிற்பூங்கா வந்தது, போனது. சபையில் மேஜையைத் தட்டினார்கள். இனிமேல் பாலம் வராது என்று கமாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இன்னும் எண்பது பத்தி இருந்தது. ஒவ்வொரு பத்திக்கும் அவள் அங்கே 'இதோ, இதோ' என்று காத்துக்கொண்டிருப்பாள்.

உரை முடிந்ததும் கதவைத் திறந்தார்கள். உறையைக் கிழித்துப் போனை எடுப்பதற்குள் அது அடித்தது.

"ஏங்க, டிவி முன்னாடியே நின்னு கேட்டேன். பாலம்னு ஒரு வார்த்தை வரலியே. நடுவுல அஞ்சு நிமிஷம் கரண்ட் போச்சு. அப்பத்தானே படிச்சாரு?"

ஆமாம் என்று சொன்னால் நாளைக் காலைப் பேப்பர் வரும்வரையாவது அவள் சந்தோஷமாக இருப்பாள். கமாவுக்கு அந்த ஆசையும் வந்தது. ஆனால் அவளிடம் ஒரு முறை தப்பாகச் சொன்னதே போதும் போலிருந்தது.

"இல்லம்மா. அதுலயும் வரல."

அந்தப் பக்கம் அவள் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"இருந்துச்சும்மா. நான் படிச்சப்ப இருந்துச்சு. சத்தியமா என் கண்ணால பாத்தேன். அப்புறம் எடுத்துட்டாங்க."

"தெரியும்ங்க. பாக்காம சொல்ற ஆளா நீங்க?" என்றாள். "நாற்காலி யாருக்குங்க வேணும்? அன்னிக்கு நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான், மாறுதல் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு உங்க போனுக்கு உக்காந்திருந்தேன்."

வாசலில் மற்றவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் வந்து நின்றிருந்தார்கள். கமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது ஒட்டுக்கேட்க யாரும் இல்லை, எதை வேண்டுமானாலும் பேசலாம்.

"வாம்மா," என்றார், ஆறு நாள் தாமதமாக.