கன்னம் உப்பிய பெண்

விடாமல் பெய்த மழையில் சமையலறைப் பின்சுவரின் மண்பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. யின்ஹுவா முதலில் மிளகாய் ஊறுகாய் ஜாடியைத்தான் பார்த்தாள். அது உடையவில்லை. நிமிர்ந்தபோது பாறையில் ஒரு முகம் இருந்தது.

அந்த வீட்டுக்கு மலைப்பாறைதான் பின்சுவர். ஆன்யுவே ஊர்ப் பக்கத்து மலைகளில் புத்தர்களுக்குப் பஞ்சமில்லை. எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகிற வழியிலேயே தலையில்லாத நால்வர் ஊதுபத்திப் புகையில் நிற்கிறார்கள். ஆனால் இது புத்தர் இல்லை, ஒரு பெண். கொண்டையில் சீப்பு செருகியிருந்தாள். கன்னம் உப்பி, உதடு குவிந்து, கீழே எதையோ ஊதிக்கொண்டிருந்தாள். எதை என்று தெரியவில்லை. அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது.

கணவன் ஷிகுய் வந்து பார்த்தான். கும்பல் கும்பலாக வந்து கோயில் சிலைகளை உடைத்துத் திரிந்த காலத்தில் அவன் அப்பா பூசிய மண் அது. சாமியைக் காப்பாற்றப் பூசினாரா, தன்னைக் காப்பாற்றவா என்று கேட்க அவர் இப்போது இல்லை.

"பாத்தாச்சுல்ல, பூசி மூடிடு. தொல்பொருள் ஆபீஸ்காரங்க காதுல விழுந்தா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க," என்றான்.

அவள் மண் குழைத்தாள். பூசத்தான் கை வரவில்லை. சோறு வடிக்கும்போதும் நெருப்பு ஊதும்போதும் எதிரே அந்தக் கன்னம். இவளும் அடுப்பு ஊதுகிறாளோ என்று நினைத்தாள். புல்லாங்குழலாகத்தான் இருக்கும் என்றான் ஷிகுய், கேட்காமலே. அப்போதுதான் அவனுக்கும் அதே நினைப்பு என்று அவளுக்குப் புரிந்தது.

ஒருநாள் தோட்டத்திலிருந்து பாதி வேலையில் திரும்பி வந்தான். கையில் கடப்பாரை.

"சோத்துக்கு என்ன செய்யுறது?"

"நூடுல்ஸ் வாங்கித் தின்னுக்கலாம். தள்ளி நில்லு."

அடுப்பு சரிந்தது. புகைக்கரியைத் துணியால் துடைத்தார்கள். கல் பெண்ணின் கையில் குழல் இல்லை, ஒரு கரண்டி. கை நீண்டு, கரண்டி இன்னும் நீண்டு, நடுச்சுவரின் செங்கலுக்குள் நுழைந்து மறைந்தது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு லோ அக்காவின் விறகுக் கொட்டகை.

வாய்க்கால் தகராறில் லோ அக்காவோடு பேச்சு நின்று பல காலமாகிறது. அவள் நினைத்தால் இன்றைக்கே ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிடலாம். ஷிகுய் வேண்டாமென்று தலையாட்டினான். யின்ஹுவா ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

லோ அக்கா கதவைப் பாதி திறந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அடுப்பையே இடிச்சீங்களா? பைத்தியம் புடிச்சிருக்கா ரெண்டு பேருக்கும்?"

"அந்தக் கரண்டி யாருக்குன்னு தெரியாம இருக்க முடியலக்கா."

லோ அக்கா அவளையே பார்த்தாள். பிறகு கதவை முழுதாகத் திறந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் விறகை இழுத்துப் போட ஆரம்பித்தாள். யின்ஹுவாவும் குனிந்தாள். வெளியே தயங்கி நின்ற ஷிகுய் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தான். பாறையில் மண் அப்பியிருந்தது. லோ அக்கா மேலங்கியின் முனையை நனைத்து, தன் பேரனுக்கு மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்தாள்.

கல்லில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. வாயை இறுக மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, குட்டிக் கையால் கரண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது.