நாற்காலி ஒழிப்பு

அலுவலக ஆண்டு மலருக்கு நம் குமாஸ்தா ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையில் பேசுகிறவன் ஒரு மேலதிகாரி. ‘மனு கொடுக்க வருகிற ஜனங்களுக்கு நாற்காலி எதற்கு? உட்கார வைத்தால் எழுந்திருக்க மாட்டார்கள். நிற்க வைத்தால் தாமாகவே கலைந்துவிடுவார்கள். நமக்கும் வேலை மிச்சம்’ என்று அந்த ஆள் மார்தட்டிக்கொள்கிறான். நக்கலென்றால் அப்படியொரு நக்கல். தன் மானேஜரின் குரலைத்தான் அச்சு அசலாக இறக்கியிருந்தார். எழுதும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மானேஜர் படித்தார். சிரிக்கவில்லை. கூப்பிட்டுத் தோளில் தட்டினார்.

“பிரமாதம்யா! என் மனசுல இருந்ததை அப்படியே புட்டுப் புட்டு வெச்சிட்டீங்களே! உங்கள மாதிரி ஆளுதான் சூப்பரிண்டெண்டா வரணும். நானே சிபாரிசு பண்றேன்.”

பதினொரு வருஷமாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த பதவி உயர்வு! குமாஸ்தா வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், பாவி மனுஷன். மறுநாள் காலையில் காத்திருப்பு அறையின் முப்பது நாற்காலிகளும் கிடங்குக்குப் போய்விட்டன. கட்டுரையைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு மனுவோடு அவருடைய அக்கா வந்தாள். மூட்டு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை சுவரில். நின்றபடியே கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டுத்தான் தம்பியை ஏறிட்டாள்.

“நல்லாத்தான்டா எழுதியிருக்கே. ரெண்டு இடத்துல சிரிச்சிட்டேன்.”

“அக்கா, அது நான் சொல்றது இல்லக்கா. அந்த மாதிரி ஆளு பேசினா எப்படி இருக்கும்னு கிண்டலுக்கு...”

“எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலயே அப்பா மாதிரி பேசிக் காட்டி அடி வாங்கினவன்தானே நீ. ஆனா கீழே உன் பேருதானே போட்டிருக்கு? இங்க கால் கடுக்க நிக்கிறவங்களுக்கு அது எப்படிடா தெரியும்?”

வெட்கத்தில் குமாஸ்தாவுக்குக் காது சுட்டது. தன் நாற்காலியை இழுத்து வந்து அக்காவை உட்கார வைத்தார். நேரே மானேஜர் அறைக்குப் போனார். மேஜைமேல் சிபாரிசுக் கடிதம் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

“சார், அந்தக் கட்டுரையை எழுதினது நான்தான். ஆனா அதுல பேசுறது நான் இல்ல.”

மானேஜர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். “பின்ன யாருய்யா?”

“நீங்க சார்.”

மானேஜர் பேனாவை மூடி வைத்தார். குமாஸ்தா வெளியே வந்தார். ஆணியிலிருந்து கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு போய், முதல் நாற்காலியைத் தூக்கினார்.