பில்லே வராத கார்டு

ஏணியையும் கேஸ் சிலிண்டரையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய் அலைந்து அலுத்துப்போன ஏசி மெக்கானிக் பெண், பழைய வேன் ஒன்று வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். இருபத்துமூன்று வயது, கை சுத்தம், வாயும் சுத்தம். மேலாளர் கணினியைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்லையேம்மா.”

“நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதே இல்ல சார்.”

“அதாம்மா பிரச்சனை. வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தாத்தானே உங்களை நம்ப முடியும்?”

நீச்சல் கற்ற பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும் என்கிற கதை. கடைசியில் அவரே வழியும் சொன்னார். சேமிப்பை வங்கியில் வைப்பாகப் போட்டு அதன்பேரில் கிரெடிட் கார்டு வாங்கு. கொஞ்சமாய்ச் செலவு செய். பில் வந்ததும் கெடுவுக்குள் முழுசாய்க் கட்டு. சில மாதம் கழித்து வா.

கார்டைப் பார்த்ததும் அப்பா இரண்டடி பின்வாங்கினார். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். கடன் என்றாலே காத தூரம் ஓடுகிறவர். இரண்டு நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே சமாதானமாகிவிட்டார். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் மாதம் கார்டில் பெட்ரோல் போட்டாள். பில் பூஜ்யம். இரண்டாம் மாதம் செம்புக்குழாய் வாங்கினாள். அதுவும் பூஜ்யம். பதறிப்போய் வங்கிக்கு ஓடினாள்.

“ஒரு பெரியவர் திங்கக்கிழமை தவறாம வந்து கட்டிட்டுப் போறாரே,” என்றாள் கவுண்டர் பெண். “பில் போடுறதுக்குள்ள பாக்கியே இருக்கறதில்ல. அப்புறம் நீங்க ஒழுங்கா கட்டுறீங்கன்னு எப்படித் தெரியும்?”

அடுத்த திங்கட்கிழமை அவள் தூணுக்குப் பின்னால் காத்திருந்தாள். வரிசையில் வந்து நின்றார் அப்பா. முழங்கையில் மைதா, உள்ளங்கையில் பேனாவால் எழுதிய கார்டு எண்.

“அப்பா!”

அவர் சட்டென்று கையைப் பின்னால் மறைத்தார். “சும்மா... ஏசி காத்து வாங்க வந்தேன்.”

“என் போனைப் பாத்தீங்களா?”

“நீ குளிக்கப் போறப்ப, செலவு மெசேஜ் மட்டும்தாம்மா. ராத்திரி தூக்கம் வரல. என் பொண்ணு கடனோட படுத்திருக்காளேன்னு...”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. “பாசத்தைக் காட்டறேன்னு அவ வேனுக்கே ஆப்பு வச்சிட்டீங்களே! இனி அந்தப் பேங்க் பக்கம் தலை வச்சுப் படுத்தீங்க, அவ்வளவுதான்!”

அடுத்த மாதம் பில் வந்தது. அவள் ஆசையாய் நீட்டிக் காட்டினாள்; அப்பா அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கெடு முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பதினெட்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிவிட்டேன் என்ற பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

அப்படி ஆறு பில் போனபின் ஸ்கோர் வந்தது: எழுநூற்று நாற்பத்தொன்று.

“எத்தனைக்கு?” என்றார் அப்பா.

“தொள்ளாயிரத்துக்குப்பா.”

“மீதி எங்க போச்சு?”

மீதியைப் பற்றி மேலாளர் கேட்கவில்லை; கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். வேன் வாசலில் வந்து நின்றது. அப்பா சந்தேகத்தோடு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இதுல நம்மளது எவ்வளவு, பேங்க்குது எவ்வளவு?”

“நாம கட்டின முன்பணத்துக்கு நாலு சக்கரம் தேறும். மத்ததெல்லாம் பேங்க்குதுதான்.”

அப்பா உள்ளே போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். நான்கு சக்கரங்களையும் பளபளவென்று தேய்த்துக் கழுவினார். மேலே ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல் பார்த்துக்கொண்டார்.