நானூற்றுப் பன்னிரண்டாம் தாள்

கொடிக்காரரின் முழங்கையில் முதல் இலை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. இதய வடிவம், ஏழு நரம்புகள், அரைச் சாண் அளவுக் காம்பு. காம்பின் அடி சற்றுப் புடைத்து அரைச் சுற்று முறுக்கிக்கொண்டிருந்தது. அது சீந்தில் இலை என்று அவர் மனைவி பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருக்கலாம். அதற்குள் கையிலிருந்த தண்ணீர்க் குவளை கீழே விழுந்து மூலைவரை உருண்டு போனது. அந்த இலையைப் பற்றி, அந்தப் புடைப்பையும் முறுக்கலையும்கூட விடாமல், எட்டு நாளைக்கு முன் தன் கையால் எழுதியவர் அவர்தான்.

இருவருக்கும் வேலை உலர்தாவரக் கூடத்தில். செடி கொடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, உலர்த்தி, பூச்சி வராமல் நஞ்சில் தோய்த்து, கெட்டித் தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைக்கிற இடம். கணவர் காடு மலையெல்லாம் அலைந்து கொடிகள் கொண்டுவருவார், அதனால் கொடிக்காரர். மனைவி ஒவ்வொன்றுக்கும் விவரக்குறிப்பு எழுதுவார், அதனால் எழுத்தம்மா. இரண்டு பேருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். தேநீர் வாங்கிவந்த சீட்டைக்கூட முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் அவர் பெயர் முத்திரை. செடியைப் பறித்த இடத்திலேயே எண் எழுதிய அட்டையை அதில் நூலால் கட்டிவிட வேண்டும், தாளில் ஒட்டி முடிக்கும்வரை அட்டையை அவிழ்க்கக் கூடாது என்பது கூடத்தின் முதல் விதி. எண் இல்லாத செடி குப்பை, செடி இல்லாத எண் குற்றம் என்று முத்திரை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். சொல்லிவிட்டு, ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டவர் மாதிரி கண்ணாடியைத் துடைப்பார்.

நடந்த தப்பு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கூட வரவேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல் என்று, அந்த முறை எழுத்தம்மாவே மலைக்குப் போயிருந்தார். போன இடத்தில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த மனிதர் சேர்ந்தாற்போல் நாற்பது நாள் வீட்டில் தங்கியதில்லை. ஒரு பாறைச் சரிவில், மரத்தைச் சுற்றி ஏறியிருந்த சீந்தில் கொடியைப் பறித்து, கொடிக்காரர் தண்டைப் பிடித்துக்கொள்ள, எழுத்தம்மா அட்டையைக் கட்டினார். முடிச்சு நழுவாமல் இருக்கச் சுண்டுவிரலை அதன்மேல் வைத்துக்கொள்வது கொடிக்காரரின் வழக்கம். "ஒரு எடத்துல நிலையா இருக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுத்தம்மா நூலைச் சுற்றினார். "அதைக் கொடிகிட்ட சொல்லு, அது கேக்கும்" என்றார் கொடிக்காரர், சிரித்தபடி. அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. எழுத்தம்மா கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாராமலே இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கினார். நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிய அட்டை கொடியை விட்டுவிட்டுக் கணவரின் இடது கைச் சுண்டுவிரலில் ஏறியது.

பேருந்தில் திரும்பும்போதுதான் கவனித்தார்கள். சிரித்தார்கள்கூட. விதி விதிதான், பதிவேட்டில் குறித்துவிட்டு அவிழ்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். கொடியைப் பார்த்து எழுத்தம்மா மலையிலேயே விவரக்குறிப்பை எழுதி முடித்திருந்தார். எண் இல்லாத கொடியை வழக்கப்படி வழியிலேயே குப்பையில் போட்டார்கள். கூடத்துக்கு நான்கு நாள் விடுமுறை. ஐந்தாம் நாள் பார்த்தால் நூல் தோலுக்குள் போயிருந்தது, அட்டை மட்டும் வெளியே நின்றது. பிய்க்க வேண்டியதுதானே என்று கேட்காதவர்கள் இல்லை. பிய்த்தும் பார்த்தார்கள். கொடிக்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன, அட்டை ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை.

அந்தக் கூடத்தில் விவரக்குறிப்பு இலையில் தொடங்கிப் பட்டை, வேர், ஏறும் விதம், பூ என்று போகும். கொடிக்காரரின் உடம்பும் அதே வரிசையில் போனது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள எழுத்தம்மா காலையில் தன் நகலைப் புரட்டினால் போதும்.  பட்டை காகிதம்போல் உரியும் என்று எழுதியிருந்தார், முதுகு உரிந்தது. தண்டில் மருக்கள்போன்ற புள்ளிகள் இருக்கும் என்று எழுதியிருந்தார், வந்தன. கிளைகளிலிருந்து நூல்போன்ற வேர்கள் தொங்கும் என்றது அடுத்த வரி. அவை தோளிலிருந்து இறங்கியபோது அவற்றைச் சட்டைக்குள் சுருட்டி வைத்துக் கொடிக்காரர் வேலைக்குப் போனார். பிறகு பற்றுக்கோல் இல்லாமல் நிற்காது என்ற வரி வந்தது. அன்று பேருந்தில் கம்பியைச் சுற்றிக்கொண்ட மனிதரைப் பிரித்தெடுக்க நடத்துநரும் இரண்டு பயணிகளும் சேர வேண்டியிருந்தது. மருத்துவர் ரத்தம் எடுக்க ஊசி போட்டார், பச்சையாகத் தண்ணீர் வந்தது. அவர் அதைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தனக்கே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார், பிறகு நல்ல வெயிலில் நிற்கும்படி எழுதிக்கொடுத்தார்.

கொடிக்காரரின் அக்கா செய்தி கேட்டு ஓடிவந்தவர், வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தம்பி ஜன்னல் கம்பிகளில் பின்னிக்கொண்டு, "வாக்கா, சாப்டியா?" என்று கேட்டார். அக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. "என்னடி பண்ணி வச்சிருக்க என் தம்பியை?" என்று எழுத்தம்மாவைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்டார்.  ஒரு இடத்தில் நிலையாக இரு என்று தான் கேட்டதும், மனிதர் இப்போது ஜன்னலை விட்டு நகர முடியாமல் இருப்பதும் எழுத்தம்மாவின் மனதில் ஒன்றாக வந்து நின்றன. பக்கத்துத் தெருவில் காய்ச்சல் கண்டவர்கள், சீந்தில் கசாயம் நல்லது என்பதால், ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினார்கள். கொடிக்காரர் உரிந்த பட்டையைக் கொடுத்தனுப்பினார். காய்ச்சல் விட்டதாகவும், கசப்பு மூன்று நாள் நாக்கை விட்டுப் போகவில்லை என்றும் தகவல் வந்தது.

ஐந்தாம் வாரம் இலைகள் எல்லாம் ஒரே நாளில் உதிர்ந்தன. அவ்வளவுதான், ஆள் போய்விட்டார் என்று அக்கா மாரில் அடித்துக்கொண்டார். எழுத்தம்மாதான், இலை உதிர்ந்த பிறகே பூக்கும் என்று குறிப்பை விரித்துக் காட்டினார். மறுநாள் பூத்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த பொடிப் பூக்கள், கொத்துக் கொத்தாக, அட்டை கட்டியிருந்த அதே சுண்டுவிரலில். சீந்திலில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. லென்ஸ் வைத்துப் பார்த்த எழுத்தம்மா ஆண் பூ என்றார். "அதுல ஒனக்கு சந்தேகம் வேறயா?" என்றார் அக்கா. அந்த வீட்டில் அந்த மாதம் யாராவது சிரித்தார்கள் என்றால் அப்போதுதான்.

பூத்த செய்தி கூடத்துக்கு எட்டியதும் முத்திரை வீட்டுக்கே வந்தார். தனியாக வரவில்லை; இரண்டு ஆட்கள் ஒரு அழுத்துப்பலகையைத் தூக்கிவந்தார்கள். ஆள் உயரத்துக்குப் புதிதாகச் செய்தது, இரண்டு மரச் சட்டங்கள், இறுக்குவதற்கு நான்கு தோல்வார்கள். அதைச் சுவரில் சாய்த்து வைத்ததும் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் ரத்தம் உறைந்துபோனது. முத்திரைக்கு மட்டும் ஒன்றும் உறையவில்லை. மாதக் கடைசியில் தணிக்கை வருகிறது, நானூற்றுப் பன்னிரண்டுக்குத் தாள் இல்லை, பூக்கும் பருவத்தில்தான் அழுத்த வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

"சார், அவரு ஆளு சார்!" என்றார் எழுத்தம்மா.

"நான் இல்லைன்னு சொல்லலையேம்மா. ஆனா நம்பர் அவர்கிட்டதானே இருக்கு?"

அவரை அடித்து விரட்டியிருக்கலாம் என்று இதைக் கேட்ட எல்லோருக்கும் தோன்றும். எழுத்தம்மாவுக்கும் தோன்றியது. ஆனால் அவர் இருபது வருடம் தாள்களோடு வாழ்ந்தவர்; அலமாரியின் மேலிருந்த விதிப்புத்தகத்தை எடுத்து, முழுக்கொடி தேவையில்லை, பூவோடும் அட்டையோடும் கூடிய ஒரு கிளை போதும் என்ற ஏழாம் விதியைக் காட்டினார். முத்திரை இரண்டு முறை படித்தார். சரி என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு, கூடத்து மேசையில், ஒரு கிளை. சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கச் சொன்னார். அவர் போன பிறகுதான், ஒரு கிளை என்றால் கணவரின் சுண்டுவிரல் என்பது எழுத்தம்மாவின் மனதில் முழுசாக இறங்கியது. 

விரல் மட்டுமே அல்ல விஷயம். கொடியாகிவிட்டவரை வெட்டினால் பிழைப்பாரா என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் எழுத்தம்மாவின் குறிப்பில் இருந்த ஒரு வரி: வெட்டினாலும் சாகாது, வெட்டிய இடத்திலிருந்து நூல்போல் வேர்விட்டுத் தரையைத் தொட்டுப் பிழைத்துக்கொள்ளும். ஊரார் அதை நம்பித் தைரியம் சொன்னார்கள். எழுத்தம்மாவுக்கு மட்டும் தெரியும், அந்த வரியைத் தான் பார்த்து எழுதவில்லை. முந்தைய சீந்தில் தாளிலிருந்து எடுத்தது. முந்தைய தாளுக்காரர் அதற்கு முந்தையதிலிருந்து எடுத்திருப்பார். வெட்டிப் பார்த்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் ஜன்னலருகே போய் நின்று இதைக் கணவரிடம் சொன்னார்.

"நான் பாத்ததில்லங்க. பழைய தாளைப் பாத்து அப்படியே எழுதிட்டேன்."

 பதினோரு வருடத்தில் காட்டில் வழி தவறிய நாட்களில் எந்தக் காயைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பதை கொடிக்காரர் மனைவியின் குறிப்புகளை வைத்தே முடிவு செய்திருந்தார்; அதில் எத்தனை வரி பார்த்து எழுதியது, எத்தனை வரி பார்க்காமல் எழுதியது என்று இப்போதுதான் யோசித்திருப்பார். முகம் வெளிறியது. அப்புறம், "இவ்ளோ நாள் ஒன்னை நம்பித்தான் தின்னேன். நாளைக்கும் நம்புறேன். ஆனா நீயே வெட்டு, வேற யாரும் வேணாம்" என்றார்.

மறுநாள் அவரை ஜன்னல் கம்பிகளிலிருந்து பிரித்தெடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்; பத்து மணிக்கு மேசைமேல் கை வைக்கப்பட்டது. அக்கா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். எழுத்தம்மா கிளை நறுக்கும் கத்தரியை எடுத்து, கண்ணை மூடாமல், இந்த முறை நன்றாகப் பார்த்துக்கொண்டே வெட்டினார். ரத்தம் வரவில்லை. வெட்டுவாயில் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் கோடுகள் தெரிந்தன. கொடிக்காரரின் தலை சாய்ந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்த அக்கா, மூச்சு இல்லை என்று அலறினார். எழுத்தம்மா கத்தரியைப் பிடித்தபடியே நின்றார். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போனது. அந்த ஏழு நிமிடத்தில் அவர் முன்தலை முடி முழுக்க வெளுத்ததை அறையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். முத்திரை தன் பேனாவுக்கு மூடி போட மறந்து நின்றார். எட்டாம் நிமிடம் வெட்டுவாயிலிருந்து ஒரு வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. அது மேசை விளிம்பைத் தாண்டி மெல்ல இறங்கி, தரையைத் தொட்டு, சிமெண்டில் ஒரு விரிசலைத் தேடிப் பிடித்து உள்ளே போனது. கொடிக்காரர் நீளமாக மூச்சை இழுத்து, "தண்ணி" என்றார். எழுத்தம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

சுண்டுவிரல் பூவோடும் அட்டையோடும் அழுத்தப்பட்டு, உலர்ந்து, நஞ்சில் தோய்ந்து, தாளில் ஒட்டப்பட்டது. முத்திரை முத்திரை குத்தினார், வழக்கத்துக்கு மாறாக ஒரே ஒருமுறை. தணிக்கைக்கு வந்தவர் தாளைப் புரட்டி, ஆண் பூ என்பதைச் சரிபார்த்து, அடுத்த எண்ணுக்குப் போனார். எண்ணுக்கு ஒரு தாள் கிடைத்துவிட்டதால் கொடிக்காரரின் மேல் பட்டை ஒரு வாரத்தில் முழுசாக உரிந்தது. உள்ளே பழைய ஆள் இருந்தார், ஒன்பது விரலோடு. கூடத்தில் ஒட்டிய குறிப்பை யாரும் திருத்தக் கூடாது, பக்கத்தில் சீட்டு மட்டும் ஒட்டலாம். கடைசி வரிக்குப் பக்கத்தில் எழுத்தம்மா ஒரு சீட்டு ஒட்டினார்: வெட்டிப் பார்த்தேன், சாகவில்லை. தேதியும் போட்டார். பிறகு தான் எழுதிய மூவாயிரத்துச் சொச்சம் தாள்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, பார்க்காமல் எழுதிய வரிகளுக்கெல்லாம் பக்கத்தில் பார்க்கவில்லை என்று சீட்டு ஒட்டத் தொடங்கினார். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

வேர் மட்டும் நிற்கவில்லை. சுண்டுவிரல் இருந்த இடத்திலிருந்து அது தினமும் இறங்கும். கொடிக்காரர் ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் தரையில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் கத்தரி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்தத் தெருவில் போகிறவர்கள் எழுத்தம்மாவின் குரலை நாளுக்கு நாலு முறையாவது கேட்கலாம்: "எவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க, எங்கயாவது போய்ட்டு வாங்க!"